பின்பக்கப் படிக்கட்டு

அலுவலகத்தில் அவனுக்குக் கூரைக்காரன் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் மரக்காரி. காடு, தோட்டம், சாலையோரத்து மரம் எல்லாம் அவள் பொறுப்பு. எதிரில் இருந்தவர் ரோட்டுக்காரர். இவர்கள் மூவரும், முதலாளியும், ஏசி பாதி நாள் வேலை செய்யாத ஒரு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடமாக ஜெர்மனியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது அந்த நாட்டில் கால் வைத்திருக்கிறாரா என்றால், கிடையாது.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுமானம். அதை விளையாட்டு என்று சொன்னால் வாங்குகிறவர்களுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். விமானத்தைச் செய்கிறவர்கள் வேறு, மேகத்தையும் மழையையும் செய்கிறவர்கள் வேறு. இவர்கள் தரைக்காரர்கள். மேலே பறக்கிறவன் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் தெரிகிற ஊரும் கிராமமும் இவர்கள் கைவேலை.

சிமுலேட்டரோடு சும்மா வருகிற ஜெர்மனியைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. அதெல்லாம் யந்திரம் தானாக நட்டுவைத்த ஊர்கள். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பெரிய கூரை ஒன்றைக் கண்டுவிட்டால் யந்திரத்துக்கு அது ஆபீஸ் கட்டடம். ஆகவே மாட்டுக் கொட்டகை இருக்க வேண்டிய இடத்தில், வயலுக்கு நட்டநடுவே, பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடம் நிற்கும். தேவாலயம் கோபுரம் இல்லாமல் தீப்பெட்டிபோலக் கிடக்கும். செங்குத்தான சிவப்பு ஓட்டுக் கூரைகள் நெருக்கியடித்து நிற்க வேண்டிய தெருவில், எந்தக் கண்டத்திலிருந்தோ பிடுங்கி வந்த மொட்டை மாடி வீடுகள், வீட்டுக்கொரு நீச்சல் குளத்தோடு இருக்கும்.

உலகத்தையே சுற்றிப் பறக்க வசதி செய்துகொடுத்தாலும் மனுஷன் முதலில் பறப்பது தன் வீட்டுக்கு மேலேதான். அது சரியாக இருந்தால் மற்ற உலகத்தை நம்புவான். அது தப்பென்றால் கடிதம் எழுத உட்கார்ந்துவிடுவான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அப்படித்தான் எழுதியிருந்தார். அவருடைய கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தில் இவர்கள் நான்கு பக்கமும் கடிகாரம் வைத்துவிட்டார்களாம். நிஜத்தில் மூன்று பக்கம்தானாம்; கிழக்கே கிடையாதாம். கிழக்கே குடியிருக்கிறவர்களுக்கு மணி தெரிய வேண்டாமா என்று மரக்காரி கேட்டாள். கூரைக்காரன் ஒரு கடிகாரத்தைக் கழற்றினான்.

இதற்கெல்லாம் முதலாளி ஒரு வேதம் வைத்திருந்தார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார். மேலிருந்து எடுத்த படத்தில் கூரைதான் தெரியும், சுவர் தெரியாது. தெருவில் எடுத்த படங்களைத் தேடிப்போனால் அங்கே பாதி வீடுகள் புகை படிந்ததுபோல மங்கிக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டால் அப்படி மறைத்துவிடுவார்களாம். எனவே தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் போட வேண்டும். நிழலின் நீளத்தைப் பார்த்து உயரத்தைச் சொல்வது, புகைபோக்கி நிற்கும் இடத்தைப் பார்த்துச் சமையலறையைச் சொல்வது, இதிலெல்லாம் கூரைக்காரன் புலி. பதினோரு வருடத்தில் லட்சம் கூரைகளாவது பார்த்திருப்பான். நிழலைப் பார்த்து அவன் ஒன்று சொன்னால் ரோட்டுக்காரர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார். அந்தக் கர்வம் அவனுக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவனுக்குக் கூடப்பிறந்தவள் ஒரே தங்கை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவனுக்கென்று இருந்த பழைய உறவு அவள் ஒருத்திதான். நர்ஸ் படிப்பு முடித்து, அந்த நாட்டு மொழியையும் முட்டி மோதிப் படித்து, மூன்று வருடத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த ஊரின் பெயர் கடைசிவரை அவன் வாயில் நுழையவில்லை. அந்த ஊரைச் செய்ய வேண்டிய முறை வந்தபோது கோப்புக்குத் ‘தங்கச்சி ஊர்’ என்று பெயர் வைத்தான். அலுவலகம் முழுக்க அதே பெயர் நிலைத்துவிட்டது. தங்கச்சி ஊருக்கு எத்தனை மரம் வேண்டும் என்று மரக்காரி கேட்பாள். தங்கச்சி ஊருக்குள் லாரி நுழையுமா என்று ரோட்டுக்காரர் கேட்பார்.

மற்ற ஊர்களுக்கு மூன்று நாள் என்றால் இதற்கு அவன் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டான். முதலாளி முகத்தைச் சுளித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தங்கை வேலைக்குப் போகிற வழியில் போட்டோ எடுத்து அனுப்புவாள். முக்கில் ரொட்டிக் கடை, அதன் மஞ்சள் பலகை. சரிந்த கல் பாவிய சதுக்கம். கறுப்புக் கல் கூர்கோபுரத்தோடு தேவாலயம். அவள் குடியிருந்த வீடு மூன்று மாடி. வெள்ளைச் சுவரில் கறுத்த மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். கீழே சைக்கிள் கடை, நடுவே வீட்டுக்கார வயதான தம்பதி, உச்சியில் கூரைக்குக் கீழே அவள். இரண்டு பக்கமும் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அந்த மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தான். அவள் ஜன்னலில் ஒரு பூந்தொட்டியும் வைத்தான்.

முன்பக்கம் அச்சு அசலாக வந்துவிட்டது. பின்பக்கம்தான் தகராறு. மேலிருந்து எடுத்த படத்தில் வீட்டின் பின்சுவரை ஒட்டி, கீழிருந்து மேலாகச் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அவன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான், வெயில் வந்த திசையைக் கணக்குப் போட்டான், கடைசியில் அது வெளிப்படிக்கட்டு என்று முடிவுகட்டினான். சந்தேகத்துக்குத் தங்கையிடம் போனில் கேட்டான். இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு வந்திருந்தாள் அவள். குரலே பாதி தூக்கத்தில் இருந்தது.

“பின்னால எல்லாம் நான் போனதே இல்லண்ணா. அந்தப் பக்கம் எனக்கு ஜன்னல்கூட கிடையாது. யாரு பாக்கப் போறாங்க, நீயே ஏதாவது போட்டுக்கோ.”

போட்டுக்கொண்டான். மரப் படிகள், கைப்பிடி, உச்சியில் நேராக அவள் அறைக்குப் போகிற ஒரு சின்னக் கதவு. கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தான். மரக்காரி தன் பங்குக்குப் படிகளில் அங்கங்கே ஏழு தொட்டிகள் வைத்தாள். பொருந்திவிட்டது. பொருந்தினால் போதும் என்பதுதானே வேதம்.

ஜெர்மனித் தொகுப்பு வெளிவந்து நல்ல பெயர் வாங்கியது. விமர்சனம் எழுதுகிற ஒருவர், மற்றவர்கள் வீட்டின் முகத்தோடு நின்றுவிடுகிறார்கள், இவர்கள் முதுகையும் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டி, அந்தப் படிக்கட்டின் படத்தையே பெரிதாகப் போட்டார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். அதே படத்தை விளம்பரத்துக்கும் போட்டார், பெரிதாக அச்சடித்து அலுவலகச் சுவரிலும் மாட்டினார். கூரைக்காரன் தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் நேர் எதிரே அந்தப் படிக்கட்டுதான். எட்டு மாதம் அதைப் பார்த்தான். எட்டு மாதம் ஒன்றைத் தினம் பார்த்தால் அது இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே மனுஷனுக்கு எழாது.

தங்கைக்கு முன்பக்கத்தை மட்டும் ஒரு சின்ன வீடியோவாக அனுப்பியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு அவள் அழுதிருக்கிறாள். முழுசாக லீவு நாளில் பார்க்கிறேன் என்றாள். அவளுக்கு லீவு என்பது கானல்நீர்.

அந்தப் புதன்கிழமை அவன் வேறொரு கிராமத்துக்குக் காற்றாலை நட்டுக்கொண்டிருந்தான். இங்கே மாலை மூன்றேகால் மணி இருக்கும். அங்கே பதினொன்று ஆகப்போகிறது. தங்கையிடமிருந்து போன் வந்தது. இரவு வேலை முடிந்து தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில் என்ன என்று எடுத்தான். அவள் பேசியது குழறலாகக் கேட்டது. கை என்றாள். டம்ளர் என்றாள். பிறகு வார்த்தையாகவே இல்லாத ஒன்றைச் சொன்னாள்.

“சிக்னல் சரியில்லம்மா, ஜன்னல்கிட்ட வந்து பேசு” என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் பிற்பாடு தன்னை எவ்வளவோ திட்டிக்கொண்டான். ஏனென்றால் அவள் சொன்ன பேச்சைக் கேட்டு ஜன்னல் பக்கம் எழுந்திருக்கிறாள். நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு தொப்பென்று ஒரு சத்தம். போன் கீழே விழுந்தது. ஆனால் இணைப்பு அறுந்துபோகவில்லை. மூச்சு கேட்டது. குறட்டைபோல, சீராக இல்லாத மூச்சு.

அதைத் துண்டிக்க அவனுக்கு மனசு வரவில்லை. காதில் அதை வைத்துக்கொண்டே மரக்காரியின் போனைப் பிடுங்கினான். பதற்றத்தில் கை தானாக அழுத்தியது உள்ளூர் ஆம்புலன்ஸ் எண்ணை. எந்தத் தெரு என்று அங்கிருந்த பெண் கேட்டாள். சொன்னான். எந்த ஊர் என்று கேட்டாள். வாயில் நுழையாத அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னான். அவள் பொறுமைசாலி. இங்கிருந்து அங்கே வண்டி அனுப்ப முடியாதுங்க என்று இரண்டு தடவை நிதானமாகச் சொன்னாள். அங்கே கூப்பிடுகிற எண் அவனுக்கும் தெரியும், மூன்று இலக்கம். ஆனால் அதை இங்கிருந்து அழுத்தினால் அது அங்கே போய்ச் சேராது. அந்த நாட்டின் ஒரு கோடி ஓடுகளை நிறம் பிரித்து அடுக்கத் தெரிந்தவனுக்கு, ஒரே ஒரு ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தெரியவில்லை.

அப்போதுதான் தங்கையோடு வேலை பார்க்கும் பெண்ணின் ஞாபகம் வந்தது. நம் பாஷை பேசுகிறவள், வந்து நாலு மாதம்தான் ஆகிறது, ஊருக்கு வெளியே முதியோர் இல்லத்தை ஒட்டிய விடுதியில் இருந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அவள் எண்ணைத் தங்கை எப்போதோ அனுப்பியிருந்தாள். அவள் உடனே எடுத்தாள். விஷயத்தைப் புரிந்துகொண்டு, கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தாமல், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பினாள்.

அவன் தன் திரையில் தங்கச்சி ஊரைத் திறந்தான். ஏன் திறந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. பதறுகிறவன் கை, பழகியதைத்தான் தொடும். வலது காதில் அந்த மூச்சு. திரையில் அவள் வீடு. காதுக்குள் மணி அடித்தது. தேவாலயத்து மணி, பதினொன்று. திரையில் அதே கோபுரம் சத்தமில்லாமல் நின்றது.

இடது காதில் அந்தப் பெண் வந்தாள். அவளும் ஆம்புலன்ஸும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். அது வலது காதில் கேட்டது. அந்த அறைக்குள் மணி அலறுவதும், அதற்குக் கீழே அந்த மூச்சு இழுபடுவதும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. வெளியே ஒரு காது, உள்ளே ஒரு காது, இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு.

“அண்ணா, கதவு பூட்டியிருக்கு. புதன்கிழம சைக்கிள் கடையும் லீவு. வீட்டுக்காரங்களும் இல்ல போல. தீயணைப்புக்காரங்கள கூப்பிட்டாதான் கதவ உடைக்க முடியுமாம். கூப்பிடவான்னு கேக்கறாங்க.”

“அதெல்லாம் வேண்டாம், நேரமாயிடும். பின்னால படிக்கட்டு இருக்கு. நேரா அவ ரூமுக்கே போகும். பச்சக் கதவு, லேசானது. தள்ளினாலே திறந்துக்கும்.”

“நீங்க பாத்திருக்கீங்களாண்ணா?”

“நல்லா தெரியும். இடது பக்கம் போ, முக்குல ரொட்டிக் கடை வரும். அத ஒட்டி ஒரு சந்து. உள்ள போனா மூணாவது வேலி.”

அவன் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. இருந்திருந்தாலாவது அவள் யோசித்திருப்பாள். அவள் அவர்களிடம் அந்த மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்வது கேட்டது. பிறகு ஓடும் சத்தம், ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் கல்லில் கடகடக்கும் சத்தம். ரொட்டிக் கடை இருந்தது. சந்தும் இருந்தது. அவள் மூச்சிரைக்க, ஆமாண்ணா, ஆமாண்ணா என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஒவ்வொரு ஆமாவுக்கும் அவனுக்குத் தெம்பு கூடியது. மூன்றாவது வேலியும் இருந்தது. வேலிக் கதவு பூட்டியிருந்தது, ஏறிக் குதித்தார்கள்.

“அண்ணா, படிக்கட்டு எங்க?”

“சுவர ஒட்டித்தான். இடதுகைப் பக்கம்.”

“இல்லண்ணா. வெறும் சுவரு.”

“நல்லா பாரும்மா. கீழேருந்து மேல போகுது பாரு.”

“இல்லண்ணா, ஜன்னல்கூட இல்ல. பக்கத்துல ஒரு கொட்டக இருக்கு. அவ்வளவுதான்.”

“இருக்கு! நான் பாத்துட்டுதானே இருக்கேன்.”

திரையில் அவன் வீட்டைத் திருப்பி வைத்திருந்தான். படிகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன, பச்சைக் கதவு தெரிந்தது, ஏழு தொட்டிகளும் தெரிந்தன. மரக்காரி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

“அத நீதானே வெச்ச” என்றாள் மெதுவாக.

அவன் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். கொட்டகை என்று அந்தப் பெண் சொன்னது இப்போதுதான் உள்ளே இறங்கியது. கொட்டகைக் கூரையின் நிழல். சாய்வாக, கீழிருந்து மேலாக. பதினோரு வருடத்துக் கர்வமும் அந்த ஒரு நிழலில் தலைகுப்புற விழுந்தது.

“உடைக்கச் சொல்லு” என்றான். “முன்கதவ உடைக்கச் சொல்லு.”

அது சின்ன ஊர். தீயணைப்புக்காரர்கள் அங்கே தனியாக வேலைக்கு இல்லை. கடைக்காரரும் தச்சரும் கூப்பிட்ட குரலுக்குத் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள்தான். பாவம், சீக்கிரமாகத்தான் வந்தார்கள். ஆனால் அவர்களை முதலிலேயே கூப்பிட்டிருந்தால் எப்போது வந்திருப்பார்களோ, அதற்குப் பதினாலு நிமிடம் பிந்தி வந்தார்கள். சந்துக்குள் ஓடி, வேலி ஏறிக் குதித்து, சுவரைத் தடவிப் பார்த்து, திரும்பி வந்த நேரம் அது. அந்தப் பதினாலு நிமிடமும் அவன் வலது காதில் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போய்விடாதே என்று போனுக்குள் சொன்னான். அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. பிறகு கதவு உடையும் சத்தமும், படியேறும் பூட்ஸ் சத்தமும் கேட்டன. உள்ளே, முன்பக்கம் இருந்த நிஜப் படிகள் அவை. யாரோ போனைக் கையில் எடுத்து, அந்த மொழியில் அவனிடம் ஏதோ கேட்டார். அண்ணன் என்று அவன் தமிழில் சொன்னான். இணைப்பு அறுந்தது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மேல் நல்ல செய்தி எதுவும் இல்லை. மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டதில் வலது கை விழுந்துவிட்டது, வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு உடைந்துபோயிற்று. சீப்பைக் கேட்க நினைத்து நாற்காலி என்பாள். முப்பத்தாறு வயது. மூன்று வருடம் மற்றவர்களைத் தூக்கி உட்கார வைத்தவளை இப்போது இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள்.

அவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது. அந்தப் பெண்ணிடம் கெஞ்சி டாக்டரைக் கேட்கச் சொன்னான். பதினாலு நிமிடம் முந்தியிருந்தால் கை பிழைத்திருக்குமா? டாக்டர் நேர்மையானவராக இருந்திருக்க வேண்டும். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றாராம். ஆம் என்றிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பான். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பான். இரண்டுக்கும் வழியில்லை.

படிக்கட்டு விஷயத்தைத் தங்கையிடம் சொல்லவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். நீங்களா சொல்லிக்கோங்கண்ணா, நான் சொல்ல மாட்டேன் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

போகலாம் என்றால் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது. அதைப் புதுப்பித்து விசாவுக்கு எழுதிப்போட்டால், நேரில் வரச் சொல்லிக் கொடுத்த தேதி ஒன்பது வாரம் தள்ளி. படிவத்தில் இதற்கு முன் அந்த நாட்டுக்குப் போனதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்ற கட்டத்தில் குறி போட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலாளியிடம் போய்ப் படிக்கட்டை எடுத்துவிட வேண்டும் என்றான். மனுஷர் கெட்டவரில்லை, சுவரில் இருந்த படத்தை அன்றைக்கே தன் கையால் கழற்றினார். ஆனால் அடுத்த திருத்தம் மூன்று மாதம் கழித்துத்தான் போகும், அதையும் எல்லாரும் இறக்கிக்கொள்ள மாட்டார்கள் என்றார். வாங்கினவர்களின் கம்ப்யூட்டரில் எல்லாம் அந்தப் படிக்கட்டு நின்றுகொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் இதுவரை ஒருத்தரும் புகார்க் கடிதம் எழுதவில்லை.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீடியோவில் வந்தாள். முகத்தில் ஒரு பக்கம் சற்றுத் தொங்கியிருந்தது. தலையை யாரோ அழகாக வாரிவிட்டிருந்தார்கள். இனி அந்த மூன்றாவது மாடிக்கு அவளால் ஏற முடியாது. முதியோர் இல்லத்திலேயே கீழ்த்தளத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அவள் சாமான்களைக் கூட வேலை பார்க்கும் பெண் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டாள். அந்த வீட்டை அவள் இனிப் பார்க்கப் போவதில்லை.

அன்று சொல்லிவிடுவது என்று அவன் முடிவோடு இருந்தான். மனைவியிடமும் சொல்லியிருந்தான். அவள் போனைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணா” என்றாள் தங்கை. அடுத்த வார்த்தையைத் தேடினாள். தேடுவது கண்ணில் தெரிந்தது. “வீட்ட... காட்டு.”

சின்ன விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் பறந்தான். வயல், காற்றாலை, பந்து விளையாடும் மைதானம், மரக்காரியின் மரங்கள். தங்கை இடது கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். ரொட்டி என்றாள். மணி என்றாள். சொல்ல நினைத்ததையே சொல்ல முடிந்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். தன் ஜன்னலில் இருந்த பூந்தொட்டியைப் பார்த்ததும் சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது. அவன் மனைவி போனை ஆட்டாமல் பிடிக்கப் பாடுபட்டாள்.

“பின்னால” என்றாள் தங்கை.

“பின்னால ஒண்ணும் இல்லம்மா” என்றான். அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

“போ. பின்னால போ.”

விமானம் ஒருபக்கம் சாய்ந்து திரும்பியது. கூரைக்கு அந்தப் பக்கம் வெயில் விழுந்திருந்தது. படிகள், கைப்பிடி, பச்சைக் கதவு. அவள் முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“இது... இல்லையே.”

“இல்லம்மா” என்றான். “அது நானா வெச்சது. நான்தான் வெச்சேன். அன்னைக்கு...”

“அழகா... இருக்கு” என்றாள். அவன் தன் வேலையைக் காட்டிப் பெருமைப்படுகிறான் என்று அவள் நினைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவன் எதைச் செய்தாலும் முதலில் மெச்சுகிறவள் அவள்தான். அவன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அடுத்த வார்த்தைகளைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அவள் தேடும்போது குறுக்கே பேசக் கூடாது, பேசினால் கிடைத்ததும் நழுவிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் காத்திருந்தான்.

“பெல்லு... கேட்டுது. எனக்கு. கேட்டுட்டே... இருந்தேன். எந்திரிக்க... முடியல.” இடது கையால் படிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். “இது... இருந்திருந்தா... சீக்கிரம்... வந்திருப்பாங்க. இல்லண்ணா?”

மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஆமாம்மா” என்றான்.

விமானம் நிற்காது, அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வீடு இறக்கைக்கு அடியில் நழுவி மறைந்து, மறுபடி வயல்கள் வந்தன. திரும்ப, என்றாள் தங்கை. அவன் திரும்பினான். படிக்கட்டு அங்கேயே இருந்தது. அவள் பார்த்து முடிக்கும்வரை அவன் அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.